ஓராண்டு நிறைவும் ஒரு நன்றிக் கடனும்

வாசகர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த 1982 டிசம்பரோடு நம் வியட்நாமிய வார இதழுக்கு ஒரு வயது. 1975இல் கலிஃபோர்னியாவின் கேம்ப் பென்டில்டன் ராணுவத் தளத்தில், அகதிகளுக்குப் போட்ட கூடாரத்தில், தொளதொளவென்று ஒரு ராணுவ ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவன் நான். சைகோனில் நிருபர், இங்கே கிடைத்தது இரவுக் காவல் வேலை. 1978இல் தோ நொக் யென் அண்ணன் கார்டன் குரோவில் தன் வீட்டு கராஜில் 'நுவோய் வியட்' பத்திரிகையை நான்கே பக்கத்தில் தொடங்கியதைப் பார்த்துத்தான் எனக்கும் துணிச்சல் வந்தது.

முதல் நன்றி, எழுத்துகளுக்கு ஒலிக்குறி போடும் அக்காவுக்கு. நம்மிடம் இருப்பது ஆங்கில டைப்ரைட்டர்; வியட்நாமிய எழுத்தின் ஒலிக்குறிகள் அதில் இல்லை. மொட்டை மொட்டையாக அடித்த எழுத்துகளுக்கு மேலும் கீழும் மெல்லிய பேனாவால் குறி போடுவது அவர்தான். பகலெல்லாம் தையல் கம்பெனி, ராத்திரி எங்கள் சாப்பாட்டு மேசை. ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல். நானே போட்டேன். நம் மொழியைத்தான் தெரியுமே: 'மா' என்ற ஒரே சொல், குறி மாறினால் அம்மா, பேய், கல்லறை, குதிரை, நாற்று. ஓர் இரங்கல் அறிவிப்பில் அம்மா கல்லறையாகிவிட்டார். மகன் நேரில் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அடுத்த வாரம் அம்மாவை அம்மாவாகப் போட்டுவிடுங்கள், அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தம்பிக்கும் நன்றி.

அச்சகக்கார அமெரிக்கருக்கு நம் மொழியில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் ஒருமுறை மெஷினை நிறுத்திவிட்டு, "இந்தப் பக்கத்தில் புள்ளியும் கோடும் குறைவாக இருக்கிறதே" என்று கூப்பிட்டார். பார்த்தால், குறியே போடாத பக்கம்! பாக்கியையும் அவர் இன்னும் கேட்கவில்லை.

போல்சா சாலையில் ஃபோ என்ற நம் நூடுல்ஸ் சூப் விற்கும் கடைக்காரர் முதல் விளம்பரம் தந்தார். பாதி காசாக, பாதி சூப்பாக. அப்புறம், உறவினரைத் தேடும் அறிவிப்புகளை இலவசமாகப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவள் என் மனைவி. நஷ்டம் என்று சண்டை போட்டேன். மலேசியாவின் பூலாவ் பிடோங் அகதி முகாமில் தம்பி இருப்பதை அந்தப் பகுதியால் தெரிந்துகொண்ட ஒரு பெண், கடிதத்தோடு ஐந்து டாலர் வைத்து அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, நம் புத்தாண்டான டெட் பண்டிகைக்கான மலர் வேலை ஆரம்பித்துவிட்டது. வாழ்த்து விளம்பரங்களை ஜனவரி 10க்குள் கொடுத்துவிடுங்கள். அக்காவோடு உட்கார்ந்து குறி போட இரண்டு பேர் வேண்டும். கை நடுங்காமல் இருந்தால் போதும். சாப்பாடு எங்கள் வீட்டில்.