ஒதுங்கிப் போகாதவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் மகனுக்குப் பதினைந்து வயது. ஆட்டிசம் உள்ளவன். உங்களில் சிலருக்கு அவனை நன்றாகத் தெரியும். சிலருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

சிறு வயதில் அவன் கைகளைப் படபடவென அடித்துக் குதித்தால், எதிரில் வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். இன்றும் மகிழ்ச்சி வந்தால் அப்படித்தான் குதிக்கிறான். ஆனால் மீசை அரும்பிவிட்டது, என்னைவிட உயரமாகிவிட்டான். பார்ப்பவர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அழைப்புகளும் குறைந்தன. "அவனை யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்களேன்" என்பார்கள். விட ஆளில்லை என்பது சொல்பவர்களுக்கும் தெரியும்.

அதனால்தான் பஸ்ஸில் வந்த அந்த அம்மாவை மறக்க முடியவில்லை. ஹாரன் சத்தம் தாங்காமல் இவன் காதைப் பொத்திக்கொண்டு அலறி, தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் கைபேசியில் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அவர் எழுந்து வந்து எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று மறைத்துக்கொண்டார். "அதை உள்ளே வையுங்கள்" என்று அவர்களிடம் சொன்னார். "நான் என்ன செய்யட்டும்?" என்று என்னிடம் கேட்டார். அவ்வளவுதான். அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். ஒலியும் ஒளியும் கூட்டமும் தாங்கும் அளவைத் தாண்டிப்போய் வரும் இந்தக் கொந்தளிப்புக்குக் கொஞ்சம் இடமும் அமைதியும்தான் மருந்து. அம்மா, நீங்கள் இரண்டையும் தந்தீர்கள்.

"வளர்ப்பு சரியில்லை" என்ற பேச்சைக் கேட்டே நொந்துபோயிருந்த என் மனைவியிடம் பொறுமையாகப் பேசிய மருத்துவருக்கும் நன்றி. தாயின் பாசக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று குழந்தைகளின் மனநலம் பற்றி எழுதிவந்த புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், காரணம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டுவிட்டார். அறிவியல் அந்தப் பழியை எப்போதோ கைவிட்டுவிட்டது. எங்கள் உறவினர்களில் சிலர் இன்னும் விடவில்லை, அது வேறு கதை.

கூட்டமில்லாத நேரத்தில் வரச்சொல்லி, மெஷினை ஓரம் வைத்து, ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே கத்தரிக்கோலைக் கொண்டுசெல்லும் முடிதிருத்துநரே, உங்களுக்கும் நன்றி. கண்ணைப் பார்த்துப் பேசக் கட்டாயப்படுத்துவது எவ்வளவு வேதனை என்பதைத் தன் அனுபவத்திலிருந்தே ஆசிரியர்களுக்கு விளக்கிய, ஆட்டிசம் உள்ள அந்த இளம்பெண்ணுக்கும் நன்றி. நாங்கள் பல ஆண்டுகள் சொல்லியும் நடக்காதது அவர் ஒருமுறை பேசியதில் நடந்தது.

அவனுடைய வகுப்புத் தோழர்களே, "இவனுக்கு என்ன வேண்டும்?" என்று பெரியவர்கள் எங்களிடம் கேட்கும்போது, நீங்கள் அவனிடமே கேட்கிறீர்கள். அவன் டேப்லெட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடிக்கும்வரை காத்திருக்கிறீர்கள். அவன் அடிக்கும் கிண்டலுக்குத் திருப்பிக் கிண்டலும் செய்கிறீர்கள். வீட்டுக்கு வந்தும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கேட்காமலே வைத்தியம் சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை, மன்னிக்கவும்.

இனி எங்களை அழைக்க நினைப்பவர்கள் தயங்காமல் அழையுங்கள். நான்கு பேரும் வருவோம். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, வாசலுக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். பாதியில் கிளம்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
அவனுடைய அப்பா