எல்லாமே 'குவிதல்' இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலத்தில் 'அக்யூமுலேட்' என்று வரும் இடமெல்லாம் 'குவிதல்' என்று மொழிபெயர்ப்பது செய்திகளில் பழக்கமாகிவிட்டது. 'குமுலஸ்' என்ற லத்தீன் வேருக்குக் குவியல் என்பதுதான் பொருள். ஆனால் இன்றைய வழக்கில் அந்தச் சொல்லின் உயிர், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மண்டியில் ஒரே காலையில் மாங்காய் லோடு வந்து இறங்கினால் அது குவிதல். அணையில் வண்டல் படிகிறது, கடனுக்கு வட்டி ஏறுகிறது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு.

போர்வெல் நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமுள்ள தருமபுரி மாவட்டத்துக்கு இது வெறும் சொல் விவகாரம் இல்லை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். அதற்கு மேல் உள்ள போர்வெல் நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் சேர்ந்துகொண்டே போகும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடின் செறிவு கூடும். 'எலும்பில் குவிகிறது' என்றால் திடீர் நஞ்சேற்றம் போலப் படுகிறது. மூட்டு இறுகும்வரை ஆபத்து தெரியாது என்பதை 'சேர்ந்து வருகிறது' என்ற சொல்தான் உணர்த்தும். தயவுசெய்து செய்திகளில் அந்தச் சொல்லையே அச்சிடுங்கள்.

– ஆங்கில ஆசிரியர்கள், பென்னாகரம்