அண்ணனின் மூச்சுப் பரிசோதனை

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, பொறுத்துக்கொள். அண்ணனைத் தவிர வீட்டில் அனைவரும் நலம்.

முப்பது ஆண்டுகள் பஞ்சாலையில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் நின்றவர், இப்போது மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது என்றார். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை எடுத்தோம். முதல் நொடியில் ஊதியது 1.8 லிட்டர், மொத்தம் ஊதியது 2.2 லிட்டர், முதலதை மொத்தத்தால் வகுத்த விகிதம் 0.82. விகிதம் 0.70-க்கு மேல் இருப்பதால் மூச்சுக்குழாயில் அடைப்பு இல்லை, மொத்த அளவு குறைந்திருப்பதால் நுரையீரல் சுருங்கியிருக்கலாம் என்று தாளில் அச்சாகியிருந்தது. அன்றிரவு அண்ணி சாப்பிடவில்லை.

நம் சுந்தரத்திடம் தொலைபேசியில் எண்களைப் படித்தேன். "எண்ணை விடு, வரைகோட்டைப் பார்" என்று அதட்டினான். கல்லூரியில் கேட்ட அதே குரல். பார்த்தேன். மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு இரண்டாவது நொடியில் வெட்டியது போல் நின்றிருந்தது. காற்று தீர்ந்து கோடு படுக்கும்வரை ஊதியிருக்க வேண்டும். அடைப்பு உள்ளவருக்கு அதற்குப் பத்து நொடிக்கு மேலும் ஆகலாம். பாதியில் நிறுத்தினால் மொத்த அளவு குறையும், வகுக்கும் எண் சிறுத்துவிடுவதால் விகிதம் பொய்யாக உயரும், இருக்கிற அடைப்பு மறைந்து இல்லாத சுருக்கம் தெரியும். கணக்கு வாத்தியாரான உனக்கு இதற்குமேல் விளக்க வேண்டுமா? அதிலும், ஊதி முடித்தபின் உள்ளே தங்கும் காற்றை இந்தக் கருவி அளப்பதே இல்லை. ஆகவே சுருக்கத்தை உறுதிசெய்ய நுரையீரலின் முழுக் கொள்ளளவை வேறு முறையில் அளந்தாக வேண்டும்.

வேறோர் இடத்தில் மறுபடி எடுத்தோம். அங்கிருந்த பெண் அண்ணனின் மூக்கில் கிளிப்பை மாட்டி, "இன்னும், இன்னும், விடாதீங்க ஐயா" என்று பக்கத்திலேயே நின்று குரல் கொடுத்தாள். சிறந்த இரண்டு ஊதல்களுக்கும் இடையே 150 மில்லிக்குமேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்று நான்கு முறை ஊதவைத்தாள். முதல் நொடி அளவு அதே 1.8, மொத்தமோ 3.1, விகிதம் 0.58. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து 400 மைக்ரோகிராம் கொடுத்துக் கால்மணி நேரம் கழித்து ஊதியபோது 1.9, 3.2. மருந்துக்குப் பிறகும் விகிதம் 0.70-க்குக் கீழேயே நின்றதால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் முடிவுசெய்து இன்ஹேலர் தொடங்கியிருக்கிறார். பீடியை அண்ணன் அன்றே நிறுத்தினார்.

உன் தந்தையாருக்கும் சென்ற ஆண்டு 'சுருக்கம்' என்றுதானே எழுதிக் கொடுத்தார்கள்? அந்தத் தாளில் வரைகோடு உள்ள பக்கத்தைப் படமெடுத்து இன்றே அனுப்பு, சுந்தரத்திடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
கதிரேசன்