மகனுக்கு: கூரையில் அன்ரெனா பூட்டுவது பற்றி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் நோ சிறிது குறைந்திருக்கிறது. மற்றச் செய்திகளைத் தங்கச்சி சொல்லியிருப்பாள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, கூரையில் அன்ரெனா பூட்ட ஏணி சாய்த்து நீ அனுப்பிய படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் "சரியப்பா, சரியப்பா" என்று இடையிலேயே வைத்துவிடுகிறாய். தைப்பொங்கலுக்குப் பின்னர் உன் குரலை ஆறுதலாகக் கேட்டதாக அம்மாவுக்கும் நினைவில்லை. இந்தக் கடிதத்தைத் தங்கச்சி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கூரையில் ஏறுவதற்கு முன்னர் முழுவதையும் வாசி.

படத்தை அவளுடைய தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏணியின் ஒரு கால் சீமெந்துத் தரையிலும் மற்றக் கால் புல்லிலும் நிற்கிறது. பனி உருகி ஊறிய நிலம் ஆளின் பாரம் ஏறியதும் அமிழும், அமிழ்ந்தால் ஏணி பக்கவாட்டில் சரியும். ஏணியின் தலை பீலியில் சாய்ந்திருக்கிறது. தண்ணீரைத் தாங்கச் செய்த மெல்லிய தகடு உன்னைத் தாங்காது. நான்கு அடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி ஊன்ற வேண்டும். கூரை விளிம்புக்கு மேலே மூன்று அடியாவது நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வரும்போது கைக்குப் பிடி இருக்காது. எல்லாவற்றிலும் முக்கியமாக, கீழே ஓர் ஆள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஏறாதே. குஞ்சியப்பாவுக்கு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

படம் எங்களுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரைக்கு. உங்களுக்கு அது நண்பகல், வேலை நாள். விடுமுறை எடுத்திருப்பாய் என்று அம்மாவிடம் சொன்னேன்.

கேபிளை நிறுத்திவிட்டதாக மருமகள் சொன்னாள். வானத்தில் காசில்லாமல் வருவதை மாதாமாதம் காசு கொடுத்து வாங்குவானேன் என்று நீ நினைத்தால் அது நியாயமான நினைப்புத்தான். அந்தத் தொழிலில் சோறு தின்றவன் நான், அன்ரெனா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் பிடிப்பதற்காக ஏறுகிறாய் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள். ரொறன்ரோவில் நீ இருக்கும் ஸ்காபரோப் பகுதியிலிருந்து சி.என். கோபுரம் தென்மேற்கே, மிகவும் கிட்ட நிற்கிறது. 1976இல் திறந்த அந்த 553 மீற்றர் கோபுரத்திலிருந்து வரும் ரொறன்ரோ ஒளிபரப்புகளைப் பிடிக்கக் கூரைக்கு ஏறவே தேவையில்லை, கூரைக்குக் கீழே பரணில் அல்லது மேல்மாடிச் சன்னலோரத்தில் ஒரு சிறிய அன்ரெனாவை வைத்துப் பார்த்தாலே போதும். கூரை தேவைப்படுவது ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால், அமெரிக்கப் பக்கத்தில் இருக்கும் பஃபலோ நகரத்து நிலையங்களுக்காகத்தான். அவை உன் வீட்டிலிருந்து தெற்கே, சற்றுக் கிழக்குச் சாய்வாக, ஏறத்தாழ 80 முதல் 130 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றன. சின்னவனுக்கு அந்த நிலையங்கள் வேண்டுமென்று நீ நினைத்தால் ஏறு. ரொறன்ரோ மட்டும் போதுமென்றால் ஏணியைத் திரும்பக் கொட்டிலுக்குள் வைத்துவிடு.

தண்ணீருக்கு அப்பாலிருந்து படம் பிடிப்பது நம் வீட்டுக்குப் புதிய விடயம் இல்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னர் ரி.வி. வாங்கியவர்களெல்லாம் சில ஆண்டுகளில் இந்தியப் படம்தான் வேண்டும் என்று யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருந்த என் ரி.வி. திருத்தும் கடைக்கு வரத் தொடங்கினார்கள். அந்தப் படத்தை ஒளிபரப்பிய கொடைக்கானல் நமக்கு ஏறத்தாழ 280 கிலோமீற்றர் தூரம். மலை உயரமாக இருந்தாலும் அந்தத் தூரத்தைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனாலும் கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் கலையாமல் படிந்து நிற்கும் நாட்களில், மேலே தப்பிப் போக வேண்டிய அலை கீழ்நோக்கி வளைந்து நம் முற்றத்துக்கு வந்து சேரும். அன்ரெனா பூட்டி மேற்கே திருப்பிய குழாயைப் பிடித்துக்கொண்டு நான் கிணற்றடியில் நிற்க, நீ சன்னலில் நின்று "நில்லுங்கோ அப்பா, நில்லுங்கோ, இப்ப நிழல் விழுகுது" என்று கத்துவாய். படத்தில் நிழல் விழுவது வேறு, புள்ளி பொரிவது வேறு என்பதை அந்த வயதிலேயே பிரித்துச் சொன்னவன் நீ. நிழல் என்றால் அலை எங்கேயோ பட்டுத் தெறித்து இரண்டாம் முறையும் வருகிறது, திசையைத் திருத்த வேண்டும். பொரிந்தால் வலு போதாது, உயரத்தைக் கூட்ட வேண்டும். கடையில் எனக்கு உதவியாக நின்ற பெரிய பொடியன்களுக்கும் அது பிடிபடவில்லை. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் சொன்னேனோ தெரியவில்லை.

இப்போது அங்கே அந்த இரண்டும் தெரியாது. கனடாவின் பெரிய நகரங்களில் 2011 ஓகஸ்ட் 31 உடன் பழைய அனலொக் ஒளிபரப்பு முறை நின்றுவிட்டது, அமெரிக்காவில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே நின்றது. டிஜிற்றலில் படம் துப்புரவாக வரும், வலு குறைந்தால் சதுரம் சதுரமாக உடையும், இன்னும் சிறிது குறைந்தால் ஒன்றுமே வராது. ஆகவே கண்ணால் பார்த்துத் திசை திருத்த முடியாது. ரி.வி.யின் அமைப்புப் பகுதியில் அலையின் வலுவையும் தரத்தையும் காட்டும் அளவு இருக்கும், மருமகளை அதன் முன்னால் இருத்தி எண்ணை வாசிக்கச் சொல். அன்ரெனாவைச் சிறிது திருப்பியதும் உடனே மீண்டும் திருப்பாதே, ரி.வி. அலையைப் பிடித்து எண்ணைக் காட்டச் சில விநாடிகள் எடுக்கும்.

இன்னொன்று. இது நான் கடலோடு பட்டு அறிந்தது, ஏரிக்கும் பொருந்தும். இளவேனிலில் ஏரித் தண்ணீர் இன்னும் குளிராக இருக்க, மேலே வரும் காற்று சூடாக இருக்கும். அப்படிப்பட்ட அமைதியான மாலையில் பஃபலோ மிக இலகுவாக வந்துவிடும். அதை நம்பித் திருகாணிகளை இறுக்கிவிட்டு இறங்கினால், அடுத்த நாள் காற்றடிக்கும் காலையில் ஒன்றும் வராது. பின்னர் மறுபடியும் ஏற வேண்டி வரும். மறுபடியும் ஏறுவதைத்தான் நான் விரும்பவில்லை. ஆகவே முதலில் தற்காலிகமாகப் பூட்டி, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, கெட்ட நாளின் எண்ணை நம்பு.

அன்ரெனா வாங்கும்போது கம்பிகளின் நீளத்தைப் பார். 300ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீற்றரில் வரும், அதில் பாதிதான் கம்பியின் நீளம் என்று உனக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அங்கே இப்போது பெரும்பாலான நிலையங்கள் 470க்கும் 608 மெகாஹேர்ட்ஸுக்கும் இடையில் இருப்பதால் கம்பிகள் 28 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பழைய கீழ் அலைவரிசைகளிலும் சில நிலையங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு முக்கால் மீற்றர்க் கம்பி வேண்டும். முன்னால் நிற்கும் கம்பிகள் கூடக் கூடத் தூரத்து நிலையம் நன்றாக வரும், ஆனால் பார்வை ஒடுங்கும். நீ பஃபலோவை நோக்கித் திருப்பினாலும் கோபுரம் கிட்ட இருப்பதால் பக்கவாட்டில் அது தானாகவே வந்துவிடும். வலுக்கூட்டும் பெட்டியை முதலிலேயே வாங்காதே. கோபுரத்தின் வலுவான அலை அந்தப் பெட்டியைத் திணறடித்தால் தூரத்து நிலையமும் கெட்டுப்போகும்.

நாங்கள் பாவித்த தட்டை வயரை நீ இப்போது கடைகளில் இலகுவில் காண மாட்டாய். ஆர்.ஜி.6 என்ற உருண்டை வயரை, இடையில் ஒட்டுப் போடாமல், ஒரே துண்டாக எடு. வெளியில் இருக்கும் மூட்டின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் இறப்பர் நாடாவை இழுத்துச் சுற்று. வயர் சுவருக்குள் நுழைவதற்கு முன்னர் கீழ்நோக்கி ஒரு வளைவு விடு, தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும். இங்கே கடலோரத்து வல்வெட்டித்துறையிலும் மயிலிட்டியிலும் உப்புக் காற்று மூட்டுகளைத் தின்றது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கம்பிகளில் பனிக்கட்டி உறைந்து பாரம் கூடிய நேரத்தில் காற்றும் அடிக்கும். அன்ரெனாவைத் தாங்கும் தண்டைப் புகைபோக்கியில் கட்டுவதாக இருந்தால் முதலில் அந்தச் செங்கல்லின் சாந்து உதிராமல் இருக்கிறதா என்று பார்.

படத்தின் வலது மேல் மூலையில் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி தெரிகிறது. தண்டை நிமிர்த்தும்போது கை தவறி அது முழு நீளத்துக்கும் விழுந்தாலும் அந்தக் கம்பியைத் தொடாத தூரத்தில் இடம் தேர்ந்தெடு. அப்படி இடம் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். தண்டையும் வயரின் வெளிப்பின்னலையும் தடித்த செப்புக் கம்பியால் வீட்டு மின்சாரத்தின் எர்த்தோடு சேர்க்க வேண்டும். அதை அங்கே உரிமம் பெற்ற மின்வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு செய்வி. ஏணியை ஓர் ஆள் பிடிக்க வேண்டும் என்பதை மேலே எழுதிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்.

1990இல் போரினால் இங்கே மின்சாரம் நின்றபோது என் தொழிலும் நின்றது. ரி.வி. திருத்த வருபவர் எவருமில்லை, அன்ரெனா கேட்க எவருமில்லை. ஆனாலும் பல மாதங்களாகக் காலையில் வழக்கமான நேரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்து, மாலையில் வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வந்தேன். வருமானம் இல்லை என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு முதல் கிழமையே தெரிந்திருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அவள் என்னிடம் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்து, சைக்கிள் டைனமோவில் இதை ஓடச் செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டாள். அதிலிருந்துதான் மீண்டோம். இதை உனக்கு இதுவரை நாங்கள் இருவருமே சொன்னதில்லை.

சித்திரையிலிருந்து எங்களுக்குக் காசு அனுப்ப வேண்டாம். இம்முறை வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்தது, தோட்டக் குத்தகையும் வந்திருக்கிறது. நீ இத்தனை வருடங்களாக அனுப்பியதில் நாங்கள் செலவழித்தது போக மிகுதி உன் பெயரில் சுன்னாகத்து வங்கியில் அப்படியே இருக்கிறது, அம்மாவின் வைத்தியத்துக்கும் அதில் கை வைக்கத் தேவைப்படவில்லை. அன்ரெனா ஏற்றுகிற வேலைக்கு அங்கே ஓர் ஆளைப் பிடிக்க எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துச் சொல். இங்கிருந்து அங்கே காசு அனுப்புவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வங்கியில் கேட்டு வைத்திருக்கிறேன். அதற்கு மேலும் தேவைப்பட்டால், எதற்கென்று எழுத வேண்டியதில்லை, தொகையை மட்டும் எழுது.

நீயேதான் ஏறுவதென்றால் சனி அல்லது ஞாயிறு, கூரை காய்ந்திருக்கும் நாளில், மருமகள் வீட்டில் இருக்கும்போது ஏறு. உங்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் எங்களுக்கு மாலை ஆறரை. ஏறுவதற்கு முன்னர் அழைத்து, தொலைபேசியைச் சின்னவனின் கையில் கொடுத்துவிடு. எண்ணை அவன் எனக்கு வாசிக்கட்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா