பட்டர்ஃபிளையின் ஒரு லெக்கை மட்டும் விற்று, நட்டத்தை என் தலையில் கட்டியது குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் டிரேடிங் கணக்கு வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்
குறைதீர்ப்பு அதிகாரி,
பங்குத் தரகு நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: எக்ஸ்பைரிக்கு (ஒப்பந்தம் முடியும் நாளுக்கு) முந்தைய நாள் ஆர்.எம்.எஸ். (ரிஸ்க் மேலாண்மை) பிரிவு செய்த தவறான ஸ்கொயர்-ஆஃப் (எடுத்த ஆப்ஷனை முடித்தல்), இழப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்ற மாத எக்ஸ்பைரிக்கு முந்தைய திங்கட்கிழமை பிற்பகல் 2.40 மணிக்கு, என் கணக்கிலிருந்த நான்கு லாட் ஆப்ஷன்களில் ஒன்றை மட்டும் தங்கள் ஆர்.எம்.எஸ். பிரிவு விற்றுவிட்டது. எவ்வளவு மோசமாகப் போனாலும் 4,500 ரூபாயோடு நின்றிருக்க வேண்டிய நட்டம் அதனால் 14,850 ரூபாயானது. மார்ஜின் (ஈடாக வைக்கும் பணம்) பற்றாக்குறை அபராதம் தனி. போனிலும் மெயிலிலும் கேட்டுவிட்டேன். 'ஆர்.எம்.எஸ். பாலிசிப்படிதான் நடந்தது' என்ற ஒரே வரிதான் வருகிறது. அதை ஏற்க முடியாததால் இந்தக் கடிதம்.

நான் எடுத்திருந்தது ஒரே பங்கில் ஒரு கால் பட்டர்ஃபிளை. கால் என்பது பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. கீழ் விலைக் கால் ஒன்றை வாங்கி, நடு விலைக் கால் இரண்டை விற்று, மேல் விலைக் கால் ஒன்றை வாங்குவது பட்டர்ஃபிளை. இந்த நான்கில் ஒவ்வொன்றும் ஒரு லெக். ஒரு லாட் 500 பங்கு. 1,400 கால் ஒரு லாட் 46 ரூபாய்க்கு வாங்கினேன். 1,440 கால் இரண்டு லாட் 25 ரூபாய்க்கு விற்றேன். 1,480 கால் ஒரு லாட் 13 ரூபாய்க்கு வாங்கினேன். கையிலிருந்து போனது பங்குக்கு நிகரமாக 9 ரூபாய், மொத்தம் 4,500. பங்கு 1,440-ஐ ஒட்டி முடிந்தால் அதிகபட்சம் 15,500 ரூபாய் லாபம். 1,409-க்குக் கீழேயோ 1,471-க்கு மேலேயோ முடிந்தால் நட்டம், அதுவும் போட்ட 4,500-ஐத் தாண்டாது. வரியும் கட்டணமும் தனி. பெரிய லாபத்துக்கு ஆசைப்பட்டு எடுத்ததல்ல இது. நட்டம் எங்கே நிற்கும் என்று முதலிலேயே தெரிய வேண்டும் என்பவர்கள்தான் பட்டர்ஃபிளை எடுப்பார்கள்.

இதை நான்கு தனித்தனி ஆர்டராகவும் போடவில்லை. தங்கள் ஆப்பிலேயே 'ரெடிமேட் ஸ்ட்ராட்டஜி' என்ற பகுதி இருக்கிறது. அதில் பட்டர்ஃபிளையைத் தேர்ந்தெடுத்தால், எந்த விலையில் எவ்வளவு லாப நட்டம் என்று காட்டும் பே-ஆஃப் படம் கூடார வடிவில் வருகிறது. அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'அதிகபட்ச நட்டம்: 4,500' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பாஸ்கெட் ஆர்டரை (எல்லா லெக்கையும் சேர்த்துப் போடும் ஆர்டரை) அழுத்தினேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துள்ளேன். விற்கும்போது ஒரே பொருளாகக் காட்டியதை, முடிக்கும்போது மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு பொசிஷன்களாக நடத்தியிருக்கிறீர்கள். என் புகாரின் சாரம் இதுதான்.

தங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நிஃப்டி ஆப்ஷன் போல ரொக்கத்தில் கணக்கு முடிவதில்லை இது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2018-இல் சுற்றறிக்கை விட்டு, 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்களும் (ஃபியூச்சர், ஆப்ஷன்கள்) பங்கைக் கொடுத்து வாங்கித்தான் தீர்க்கப்படுகின்றன. பட்டர்ஃபிளையிலும் அந்தப் பொறுப்பு உண்டு. 1,400-க்கும் 1,440-க்கும் நடுவில் முடிந்தால் 7 லட்சம் ரூபாய் கொடுத்து 500 பங்கு வாங்க வேண்டும். 1,440-க்கும் 1,480-க்கும் நடுவில் முடிந்தால் நிகரமாக 500 பங்கு கொடுக்க வேண்டும். 1,480-ஐத் தாண்டினால் எல்லாம் ஒன்றுக்கொன்று கழிந்து பூஜ்யம். ஆகவே தாங்கள் டெலிவரி மார்ஜின் (பங்கைக் கொடுத்து வாங்கும் பொறுப்புக்கான ஈடு) கேட்டதைக் குறை சொல்லவில்லை. பணம் வராவிட்டால் பொசிஷனை முடிக்கும் உரிமையையும் மறுக்கவில்லை. முடித்த விதம்தான் தவறு.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். பகல் 12.50-க்கு ஒரு மெயில் வந்தது: 2 மணிக்குள் கூடுதல் மார்ஜின் வேண்டும், இல்லாவிட்டால் பொசிஷன் 'ஸ்கொயர்-ஆஃப் செய்யப்படலாம்'. எந்த லெக், எந்த வரிசையில் என்று ஒரு சொல் இல்லை. பங்கு அப்போது 1,432-இல் இருந்தது. இன்-த-மணியாக (பங்கு விலை காலின் விலையைத் தாண்டிய நிலையில்) இருந்தது 1,400 கால் மட்டும்தான். தங்கள் சிஸ்டம் அதை மட்டும் பிடித்து, கிடைத்த விலையான 30 ரூபாய்க்குத் தள்ளிவிட்டது. 1,432-இல் 1,400 போக 32 ரூபாய் உள்ளார்ந்த மதிப்புள்ள ஆப்ஷன் அது. தனிப் பங்கு ஆப்ஷன்களில், அதுவும் எக்ஸ்பைரிக்கு முந்தைய நாளில், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

விலையைக்கூட விட்டுவிடலாம். அந்த ஒரு லெக் போன பிறகு என் கணக்கில் மிஞ்சியது என்ன? விற்ற 1,440 கால் இரண்டு லாட், வாங்கிய 1,480 கால் ஒரு லாட். அதாவது ஒரு லாட் ஷார்ட் (விற்ற ஆப்ஷன்) எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேக்கடாக நின்றது. பங்கு மேலே போகப் போக நட்டத்துக்கு எல்லையே கிடையாது. கூரையைப் பிரிக்கச் சொன்னால் தூணை முதலில் உருவிய கதை. ரிஸ்க்கைக் குறைக்கவென்றே இருக்கும் பிரிவு, எல்லையுள்ள ரிஸ்க்கை எல்லையில்லாததாக்கியிருக்கிறது. டெலிவரி ஆபத்தும் போகவில்லை. 500 பங்கு வாங்க வேண்டிய பொறுப்பு, விலை ஏறினால் 1,000 பங்கு வரை கொடுக்க வேண்டிய பொறுப்பாகத் திரும்பிவிட்டது. டிமேட்டில் அந்தப் பங்கு ஒன்றுகூட இல்லாத என் கணக்கில் அது, கொடுக்காத பங்கைச் சந்தையே ஏலத்தில் வாங்கும் ஆக்‌ஷனில்தான் போய் முடிந்திருக்கும்.

விற்ற எஸ்.எம்.எஸ். வந்ததுமே 1,440 காலைத் திரும்ப வாங்க ஆர்டர் போட்டேன். 'மார்ஜின் பற்றாக்குறையால் கணக்கு தடுக்கப்பட்டுள்ளது' என்று நிராகரிக்கப்பட்டது. ரிஸ்க்கைக் குறைக்கும் ஆர்டரைக்கூட ஏற்காத தடுப்பு யாருக்குப் பாதுகாப்பு? வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவரிடம் இருந்த பதில், "சார், அது சிஸ்டம் தானா எடுக்கிறது, எங்க கையில ஒண்ணும் இல்ல சார்" என்பதுதான். ஆர்.எம்.எஸ். டெஸ்க்குக்கு இணைப்புக் கொடுக்கச் சொன்னேன். சந்தை மூடும்வரை இசைதான் கேட்டது. அழைப்புப் பதிவு தங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

செவ்வாய் காலை பங்கு 1,461-இல் திறந்தது. மிச்ச லெக்குகளையும் தங்கள் சிஸ்டமே முடித்தது. 1,440 கால் இரண்டு லாட்டும் 27.40-க்கு வாங்கப்பட்டன, 1,480 கால் 4.10-க்கு விற்கப்பட்டது. ஆக, முதல் லெக்கில் 8,000, ஷார்ட் லெக்குகளில் 2,400, மேல் லெக்கில் 4,450. மொத்தம் 14,850 ரூபாய் நட்டம். பே-ஆஃப் படத்தில் எந்த விலையைத் தொட்டுப் பார்த்தாலும் இந்த எண் வராது.

திங்கள் 2.40-க்கு நான்கையும் சேர்த்து முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே நேரத்து மார்க்கெட் டெப்த்தில் (வாங்குவோர், விற்போர் விலைப் பட்டியலில்) 1,440 காலை விற்பவர் விலை 9.75, 1,480 காலை வாங்குபவர் விலை 0.90. தாங்கள் விற்ற அதே மோசமான 30 ரூபாயையே எடுத்துக்கொண்டாலும், 30-இல் 19.50 போக 0.90 சேர்த்தால் 11.40. நான் போட்டது 9. ஆக 1,200 ரூபாய் லாபத்தில் வெளியே வந்திருப்பேன். தங்களுக்கும் டெலிவரி ஆபத்து அத்தோடு முடிந்திருக்கும். முதலில் ஷார்ட்டை வாங்கு, பிறகு லாங்கை (வாங்கிய ஆப்ஷனை) விற்று வெளியேறு என்பது ஆப்ஷன் பழகும் எவருக்கும் சொல்லித்தரும் பாலபாடம். கோடிக்கணக்கில் செலவழித்து நடத்தும் சிஸ்டத்துக்கு அதைச் சொல்லித்தர யாருமில்லையா?

செவ்வாய் மாலை பங்கு 1,446-இல் முடிந்தது. பொசிஷன் முழுதாக இருந்திருந்தால் 12,500 ரூபாய் வரை லாபம் நின்றிருக்கும். அதை நான் கேட்கவில்லை, மார்ஜின் கட்டாதவன் கேட்கவும் கூடாது.

அபராதம்தான் என்னை மிகவும் வருத்தியது. திங்கள் இறுதியில் என் கணக்கில் 1,12,000 ரூபாய் மார்ஜின் பற்றாக்குறை என்று சொல்லி, ஒரு சதவீதம் 1,120 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் தானாக ஹெட்ஜைக் (நட்டத்துக்குக் காப்பாக எடுத்த ஆப்ஷனைக்) கலைத்து மார்ஜின் ஏறினால் அவரிடம் வசூலிப்பது நியாயம். இங்கே ஹெட்ஜைக் கலைத்தது தாங்கள். கலைத்த பிறகு சரிசெய்ய வந்தவனைத் தடுத்ததும் தாங்கள். அந்தப் பற்றாக்குறைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இன்-த-மணி லாங் ஆப்ஷனுக்கு டெலிவரி மார்ஜின் கடைசி நாளில் திடீரென்று வருவதில்லை. எக்ஸ்பைரிக்கு நான்கு வேலை நாள் முன்பிருந்தே, சந்தையின் கணக்குகளைத் தீர்க்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் அதை 10, 25, 45, 70 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றுகிறது. புதன் முதலே பங்கு 1,410-ஐ ஒட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை வரை ஆப்பில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. அப்போதே சொல்லியிருந்தால் நானே நிதானமாக நான்கு லெக்கையும் நல்ல விலைக்கு முடித்திருப்பேன்.

ஆகவே நான் கேட்பது: 14,850 ரூபாய் நட்டமும், கிடைத்திருக்க வேண்டிய 1,200-உம், அபராதம் 1,120-உம் சேர்த்து 17,170 ரூபாயை என் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஸ்கொயர்-ஆஃப் கட்டணத்தைக் கேட்கவில்லை, முறையாக முடித்திருந்தாலும் அது வந்திருக்கும். திங்கள், செவ்வாய் இரு நாளின் ஆர்டர் லாகும், என் ஆர்டர் நிராகரிக்கப்பட்ட பதிவும், லெக்குகளை எந்த வரிசையில் முடிப்பது என்று சொல்லும் ஆர்.எம்.எஸ். பாலிசியின் அந்தப் பக்கமும் எனக்கு வேண்டும். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் அதையும் எழுத்தில் தாருங்கள்.

பட்டர்ஃபிளை, ஸ்ப்ரெட் போன்றவற்றை முடிக்கும்போது ஷார்ட் லெக்கை முதலில் முடிக்கும்படியோ எல்லாவற்றையும் ஒரே பாஸ்கெட்டாக முடிக்கும்படியோ சிஸ்டத்தை மாற்றுங்கள். அதுவரையாவது, தனிப் பங்கு ஸ்ட்ராட்டஜிகளுக்குக் கீழே 'அதிகபட்ச நட்டம்' என்ற அந்த வரியைப் போடாதீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் பணம் போடுகிறோம்.

செபியின் குறைதீர்ப்புத் தளமான ஸ்கோர்ஸில் புகார் பதிந்தால் 21 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே போவதற்கு முன் தங்களுக்கு ஒரு வாய்ப்புத் தர விரும்புகிறேன். இக்கடிதம் கிடைத்த பத்து நாளுக்குள் பொறுப்பான அதிகாரி ஒருவரின் கையொப்பத்தோடு பதில் வராவிட்டால் ஸ்கோர்ஸிலும், அதன்பின் ஸ்மார்ட் ஓ.டி.ஆர். என்ற ஆன்லைன் தகராறு தீர்ப்புத் தளம் வழியாகவும் இதை எடுத்துச் செல்வேன்.

இணைப்பு: காண்ட்ராக்ட் நோட், லெட்ஜர், பே-ஆஃப் படம், மார்க்கெட் டெப்த், ஆர்டர் நிராகரிப்பு ஸ்கிரீன்ஷாட்டுகள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.