கப்பல் நிற்கும் ஊர்களில் சுழியோடலாமா?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

கரிபியன் கடலில் நீங்கள் போகும் உல்லாசக் கப்பல் நிற்கப்போகும் நாலு துறைமுகத்திலும் சுழியோட ஆசை என்று எழுதியிருந்தாய். நாலும் வேண்டாம் மகள். ஹொண்டுராஸின் றொயற்றான் தீவும் மெக்சிக்கோவின் கொசுமெல் தீவும் போதும்.

முதலில் மணிக்கணக்கைப் பார். காலை எட்டுக்குக் கப்பல் கட்டினாலும் கரையில் இறங்கி, கடைக்குப் போய், படிவம் நிரப்பி, படகில் ஏற ஒன்பதரை ஆகிவிடும். இரண்டு சுழியோட்டம், நடுவில் ஒரு மணித்தியால ஓய்வு, திரும்பி வரும்போது ஒன்றரை. கப்பல் ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாக நிற்கிற ஊரை அப்படியே விடு. கப்பல்காரர் விற்கும் பயணம் பிந்தினால் வழக்கமாகக் கப்பல் காத்து நிற்கும். நீயாகப் பிடித்த படகு பிந்தினால் நிற்காது. கொசுமெலில் கோடைக்கென்று மணிக்கூட்டை மாற்றுவதில்லை. அதனால் கப்பல் நேரத்துக்கும் கரை நேரத்துக்கும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம் வரலாம். கைபேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும், அதை நம்பாதே. கைமணிக்கூட்டைக் கப்பல் நேரத்தில் வை.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கட்டத் துறை இல்லை. சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள், கடல் கொஞ்சம் எழும்பினால் அதுவும் இல்லை. முழுக்காசையும் முன்கூட்டிக் கட்டிவிடாதே. பெலீஸில் எல்லாரும் சொல்கிற அந்த நீலக்குழி, கடலுக்குள் இருக்கும் பெரிய ஆழக்குழி, கரையிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர். பார்க்க வேண்டிய கல்விழுதுகள் 40 மீற்றர் ஆழத்தில் இருக்கின்றன. ஒரு பகலில் கப்பலுக்குத் திரும்பி வருவது நடக்காத காரியம். பெயரைப் பார்த்து ஆழத்துக்குப் போகிறவர்களை நம்ம ஊரிலும் காணலாம். 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரர் தாழ்த்திய ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அதற்கென்று பயிற்சி எடுக்காதவருக்கு அது இடமில்லை.

றொயற்றானில் முருகைக்கற்பார் கரைக்குக் கிட்ட, படகில் கொஞ்ச நேரம்தான். மருமகனின் முதல் சுழியோட்டத்தை அங்கே வை. சான்றிதழ் இல்லாதவரைப் பயிற்றுநரோடு 12 மீற்றருக்கு மேல் இறக்கமாட்டார்கள், அது போதும். ஆனால் மருத்துவப் படிவத்தில் ஆஸ்மா, இருதயம், காது சத்திரசிகிச்சை போன்ற கேள்விகள் இருக்கும். சிலவற்றுக்கு ‘ஆம்’ என்றால் வைத்தியரின் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். மருமகனுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததை மறைக்கவேண்டாம். ரொறன்ரோவிலேயே வைத்தியரிடம் காட்டி எழுதி வாங்கு.

நீ பாசிக்குடாவில் பழகினவள், ஆனால் தண்ணீரில் இறங்கிக் கனகாலம். புறப்பட முன் ஒரு நீச்சல் தடாகத்தில் மீள்பயிற்சி எடு. சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் அங்கத்தைய கேஜ் பாரில் இருக்காது, பிஎஸ்ஐ. 3000 என்றால் 207 பார். 700 ஆனதும் ஏறத் தொடங்க வேண்டும், 500ஓடு படகில் இருக்க வேண்டும். இடுப்பில் கட்டும் ஈயமும் றாத்தலில்தான்: உன் 5 கிலோ அங்கே 11 றாத்தல். அலுமினியச் சிலிண்டர் காற்றுக் குறையக் குறைய மிதக்கப் பார்க்கும். முழுச் சிலிண்டரோடு சரியாக நிற்கிறாய் என்று ஈயத்தைக் குறைத்தால், கடைசியில் பாதுகாப்புக்காக 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்க முடியாமல் மேலே போய்விடுவாய். இதைத்தான் பலர் பிழையாகச் செய்கிறார்கள்.

கொசுமெலில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். எதிர்த்து நீந்தாதே, படகு பின்னால் வரும். முருகைக்கற்சுவர் கீழே இறங்கிக்கொண்டே இருப்பதால் கண்ணுக்கு ஆழம் தெரியாது, கையில் கட்டும் சுழியோட்டக் கொம்பியூட்டரை அடிக்கடி பார். கையுறையும் கத்தியும் அந்தக் கடற்பூங்காவில் தடை. 2014இல் புளோரிடாவில் தொடங்கிய முருகைக்கல் நோய் 2018இல் அந்தக் கரைக்கும் வந்து மூளைபோன்ற பெரிய முருகைகள் நிறையச் செத்துவிட்டன. றொயற்றானில் நனைந்த சட்டையையும் மாஸ்கையும் கிருமிநீக்கி போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே கொசுமெலுக்கு எடு.

குளிரூட்டிய அறையில் தடிமன் பிடித்தால் சுழியோட வேண்டாம். மூக்கடைப்புக் குளிசை போட்டு இறங்கினால், கீழே இருக்கும்போதே அதன் வேலை முடிந்து, ஏறும்போது காதுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். அது நோவு மட்டுமல்ல, செவிப்பறையே கிழியலாம்.

விமானம் ஏற முன், ஒரு சுழியோட்டம் மட்டும் என்றால் 12 மணித்தியாலம், ஒரே நாளில் பல அல்லது பல நாள் என்றால் 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். கொசுமெலுக்குப் பிறகு ஒரு முழு நாள் கடலில் என்பதால் உனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் பயணவழியை மாற்றி மயாமிக்கு முந்திய நாளில் ஒரு தீவை வைத்தால், பின்னேரம் நாலுக்குத் தண்ணீரை விட்டு ஏறினவள் மறுநாள் காலை பத்துக்கு முன் பறக்கக்கூடாது. சாதாரணப் பயணக் காப்புறுதி சுழியோட்டத்தை விட்டுவிடலாம், அதையும் வாசித்துப் பார். கொசுமெலில் சுழியோட்ட நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உண்டு, கட்டணம்தான் பெரிது.

கொசுமெலில் கப்பல் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று ரிக்கெற்றைப் பார்த்து எழுது. ஐந்துக்கு முன்னம் என்றால் பின்னேரப் படகை விட்டுவிட்டு காலைப் படகில் இடம் பிடி.

அன்புடன்,
அப்பா