நூறில் ஏழு போனால்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இதழில் முதியோர் நலம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் மறதிக்கு இரண்டே வரி. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு 71 வயது. தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். தராசு நிற்குமுன்னே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அவர் தேத்தண்ணீரில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டபோது சிரித்தோம். கேட்டதையே திரும்பக் கேட்டபோது "வயசு போச்சுல்ல" என்றோம். ஒரு விடியற்காலை இடுப்பில் படங்கைக் கட்டி, கூடையோடு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பி லயத்து வீட்டு வாசலில் நின்றார். வேலையை விட்டுப் பத்து வருஷமாகிறது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

இத்தனைக்கும் மாதாமாதம் சீனி, பிரஷர் கிளினிக்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். அங்கே மறதியைப் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், கடிகாரம் வரைய வேண்டும். பள்ளிக்கூடமே போகாத அம்மா பேனாவை ஊசி மாதிரிப் பிடித்துக்கொண்டு முழித்தார். சிங்களத்தில் கேட்டதை என் மகள் தமிழில் சொன்னாள். திகதி என்ன என்றதும், "போயா கழிஞ்சு நாலாம் நாள்" என்றார். போயா என்றால் பௌர்ணமி. சரியான பதில்தான். ஆனால் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்து, "ஈரக் கொழுந்து இருபத்துமூணு கிலோவுல தண்ணிக்கு ரெண்டு கழிச்சா?" என்று கேட்டேன். "இருபத்தொண்ணு. ஆனா இருபதுன்னுதான் எழுதுவாங்க" என்றார்.

அதனால் கூடப் போகிறவர்கள் வாயைத் திறக்க வேண்டும். படிக்காதவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். முன்பு தானாகச் செய்த எந்த வேலை இப்போது முடியவில்லை, எப்போதிருந்து என்று சொல்லுங்கள். குடிக்கிற மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சில மாத்திரைகளே புத்தியை மந்தமாக்கும். தைராய்டு குறைவு, விட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்து தலைக்குள் கசிந்த இரத்தம் எல்லாமே மறதி நோய் போலத் தெரியும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

அம்மாவுக்கு இரத்தத்தில் தைராய்டு குறைவு. மாத்திரை தொடங்கிய பிறகு அவருக்கிருந்த தூக்கக் கலக்கம் போனது. மறதி முழுதாகப் போகவில்லை. அல்சைமர் என்ற மறதி நோயும் ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். அதைக் குணமாக்க மருந்து இல்லை, சிலருக்குக் கொஞ்ச காலம் தணித்து வைக்கலாம். சரி, ஆரம்பத்திலேயே தெரிந்ததில் என்ன லாபம்? பேங்க் புத்தகத்தை அம்மாவே எடுத்துத் தந்தார், தோடு எந்தப் பேத்திக்கு என்று அவரே சொன்னார். இன்னும் இரண்டு வருஷம் போயிருந்தால் அதை நாங்கள் முடிவு செய்து, சண்டையும் போட்டிருப்போம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: இந்தச் சோதனையைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே, தமிழில், எழுத்துத் தெரியாதவருக்கும் ஏற்ற மாதிரி தொடங்க முடியாதா? உங்கள் பத்திரிகை இதை எழுத வேண்டும். இரண்டு வரி போதாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹட்டன்